சிறுகுறிஞ்சான்னு கொடுத்தாங்க, ஆனா சர்க்கரை இனிக்குது. இது என்ன கொடி?

#1 பின்கட்டு
எல்லாருக்கும் வணக்கம். படம் மூணு போட்டிருக்கேன், வெளிச்சம் சரியில்ல, மன்னிச்சுக்குங்க.

அம்மாவுக்குப் பன்னிரண்டு வருஷமா சர்க்கரை. மூலிகை தெரிஞ்ச ஒரு பெரியவர் எங்க வீட்டுப் பின்னாடி வேலியில படர்ந்திருந்த கொடியைப் பார்த்துட்டு, "இது சிறுகுறிஞ்சான், வீட்டுலயே வெச்சுக்கிட்டு மாத்திரை தின்னுறீங்களே"ன்னு சொன்னார். தினமும் காலையில அஞ்சு இலையை அரைச்சு மோர்ல கலந்து அம்மா குடிக்கிறாங்க. இன்னைக்கோட 19 நாள். மாத்திரையை நிறுத்தல.

நேத்து இங்கேயே ஒரு பழைய இழையில, சிறுகுறிஞ்சான் இலையை மென்னா கொஞ்ச நேரத்துக்கு இனிப்பே தெரியாது, சர்க்கரை வாயில மணல் மாதிரி இருக்கும்னு படிச்சேன். ஆசையா ரெண்டு இலை மென்னு துப்பிட்டு, அஞ்சு நிமிஷம் கழிச்சு ஒரு ஸ்பூன் சர்க்கரை போட்டேன். இனிக்குது. நல்லாவே இனிக்குது. கசப்பு மட்டும் ராத்திரி வரைக்கும் நாக்குல இருந்துச்சு.

மூணாவது படத்துல, காய்ஞ்ச காய் ஒண்ணு குட்டி உறி மாதிரி தலைகீழா தொங்குது பாருங்க. சிறுகுறிஞ்சானுக்கு இப்படிக் காய் உண்டா?

#2 சும்மாவந்தேன்
சர்க்கரை பழசா இருக்கும் பாஸ்.

#3 வேலிப்பருத்தி
பின்கட்டு, முதல் வேலையா நாளைக்குக் காலையில அம்மாவுக்கு அதைக் கொடுக்காதீங்க. மிச்சத்தை அப்புறம் பேசலாம்.

நான் கல்லூரியில தாவரவியல் சொல்லிக்கொடுக்கிறேன். அந்த உறி மாதிரிக் காயைப் பார்த்ததும் ஒரு சந்தேகம் வந்துச்சு. உறுதியாச் சொல்ல மூணு விஷயம் பார்த்துச் சொல்லுங்க. ஒண்ணு, இலை தண்டுல எதிரெதிரா ஜோடியா இருக்கா, இல்ல ஒண்ணு மாத்தி ஒண்ணா இருக்கா? ரெண்டு, கிள்ளினா பால் வருதா? மூணு, பூ இருந்தா கிட்டப்போய் ஒரு படம்.

இன்னொரு தடவை எதையும் மென்னு பார்க்காதீங்க. பேர் தெரியாத செடியை நாக்கை வெச்சுச் சோதிக்கிற பழக்கம் நம்ம ஆட்களுக்கு எப்பதான் போகுமோ.

#4 பின்கட்டு
இப்பதான் டார்ச் எடுத்துட்டுப் போய்ப் பார்த்தேன்.

இலை ஜோடியா இல்ல, மாத்தி மாத்தித்தான் இருக்கு. வடிவம் ஒரே மாதிரி இல்ல. சிலது நீளமா, சிலது நடுவுல இடுப்பு சிறுத்த மாதிரி. ஓரம் லேசா நெளியுது. பால் வரல. கசக்கினா ஒருமாதிரி மருந்து நெடி.

பூ கிடைச்சுது மேடம். இது பூன்னே இத்தனை நாள் எனக்குத் தெரியாது. வெளிர்பச்சையில, அடியில ஒரு குட்டி உருண்டை, அதுலேருந்து வளைஞ்ச குழாய், மேல ஒரு பக்கமா நீண்ட நாக்கு. அந்த நாக்கு மட்டும் கருஞ்சிவப்பு. மொத்தமே என் கட்டைவிரல் அளவு இல்ல. பிளேடால நெடுக்கக் கீறினேன். உருண்டைக்குள்ள ஒரு பொடி ஈ உயிரோட நடந்துட்டு இருந்துச்சு! முதுகெல்லாம் மஞ்சத்தூள். படம் 4, 5.

#5 வேலிப்பருத்தி
அருமையான படம். சந்தேகமே இல்ல, இது ஈஸ்வரமூலி. அரிஸ்டோலோகியா இண்டிகா. 1753ல லின்னேயஸ் வெச்ச பேர். நம்ம பக்கம் பெருமருந்து, தலைச்சுருளி, கருடக்கொடின்னு ஆளுக்கொரு பேர் சொல்வாங்க. மலையாளத்துலயும் கருடக்கொடி, ஈஸ்வரமுல்லன்னு உண்டு. இந்தியா, இலங்கை, நேபாளம், வங்கதேசம் எல்லாத்துலயும் வேலியோரம், புதர்க்காடுன்னு தானா வளர்ற கொடிதான்.

சிறுகுறிஞ்சான் எருக்கு, நன்னாரி, வேலிப்பருத்தி எல்லாம் இருக்கிற குடும்பம். அதுக்கு இலை எதிரெதிர் ஜோடி. ஈஸ்வரமூலிக்கு நெருங்கின சொந்தம் யார் தெரியுமா? மிளகும் வெற்றிலையும். ஒரே வரிசை, பைப்பரேல்ஸ். சிறுகுறிஞ்சானும் ஈஸ்வரமூலியும் ஒண்ணா நின்னா தூரத்துலேருந்து ஒரே பச்சைதான், ஆனா உறவுமுறையில சம்பந்தமே கிடையாது. இலை அடுக்கை மட்டும் பார்த்திருந்தா அந்தப் பெரியவரே தெரிஞ்சிருப்பார்.

நீங்க பார்த்த ஈயைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லாம இருக்க முடியல. இந்தப் பூவுக்கு இதழே கிடையாது. புல்லி வட்டம் ஒண்ணாச் சேர்ந்து குழாயாயிடுச்சு. வாடையும் நிறமும் ஈயைக் கூப்பிடும். குழாய்க்குள்ள மயிர்கள் எல்லாம் உள்நோக்கிச் சாய்ஞ்சிருக்கும். உள்ளே போகலாம், திரும்ப முடியாது, மீன்பிடிக்கிற பறிக்கூடை மாதிரி. முதல்ல சூல்முடி தயாராகும். ஈ ஏற்கெனவே வேற பூவுலேருந்து மகரந்தம் கொண்டு வந்திருந்தா அது அங்க ஒட்டும். அதுக்கப்புறம்தான் இந்தப் பூவோட மகரந்தப்பை வெடிக்கும். ஈ மேல தூள் கொட்டும், கூடவே மயிரெல்லாம் வாடிச் சுருங்கும், கதவு திறக்கும். ஆக நீங்க கீறினப்ப உங்க ஈ தூள் பூசி முடிச்சு, விடுதலைக்குக் காத்துட்டு இருந்திருக்கு. கொஞ்சம் முன்னாடியே திறந்துவிட்டுட்டீங்க, பரவாயில்ல.

ஆறு மகரந்தத்தாளும் சூல்தண்டோட ஒட்டி ஒரே தூணா நிக்கும். படம் 5ல உருண்டைக்குள்ள தெரியுதே, அதுதான். காம்புன்னு நினைக்கிறீங்களே பூவுக்குக் கீழே, அது சூலகம். அதுதான் பெருத்துக் காயாகி, முத்தினதும் காம்புப் பக்கத்துலேருந்து ஆறாப் பிளக்கும். காம்பும் நரம்பு நரம்பாப் பிரிஞ்சு, கயிறு கட்டின கூடை மாதிரி தொங்கும். உள்ளே தட்டையான, ஓரத்துல சிறகு வெச்ச விதை. காத்து ஆட்ட ஆட்ட ஒவ்வொண்ணா விழும்.

இதுவரைக்கும் அழகுதான். இனிமே சொல்லப்போறது கஷ்டமான விஷயம். இங்க ஒரு சிறுநீரக மருத்துவர் இருக்காரே, நெஃப்ரான், அவரைக் கூப்பிடுறேன்.

#6 பூர்வீகம்77
அட ஈஸ்வரமூலியா! அதுக்கா இவ்வளவு பதட்டம்? பின்கட்டு தம்பி, நீங்க கொடுத்துவெச்சவர். பேர்லயே இருக்கு, ஆலகால விஷத்தைக் கண்டத்துல வெச்ச ஈஸ்வரன் பேர். பாம்புக்கடிக்கு இதுக்கு மேல மூலிகை இல்ல. வேரை அரைச்சுக் கொடுப்பாங்க, கடிவாய்ல பத்துப் போடுவாங்க. தேள்கடி, விடாத காய்ச்சல், குழந்தைங்க வயித்துப்போக்கு, மாதவிலக்குத் தடை எல்லாத்துக்கும் பெரியவங்க கொடுத்தது. இந்தக் கொடி இருக்கிற வீட்டுக்குள்ள பாம்பு வராது. நம்ம முன்னோர் சும்மாவா பெருமருந்துன்னு பேர் வெச்சான்?

#7 நெஃப்ரான்
அழைப்புக்கு நன்றி மேடம். பூர்வீகம் ஐயா சொன்ன பயன்பாடுகள் எல்லாம் பழைய வழக்கத்தில் இருந்தவைதான், அதை மறுக்கவில்லை. ஆனால் இந்தப் பேரினத்துச் செடிகளில் அரிஸ்டோலோகிக் அமிலம் என்று ஒன்று இருக்கிறது. சிறுநீரகத்தின் நுண்குழாய்களைத் தழும்பாக்கிச் சுருக்கும். டி.என்.ஏ.வில் ஒட்டிக்கொண்டு சிறுநீர்ப்பாதையில் புற்றுநோயைக் கிளப்பும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இதை முதல் பிரிவில் வைத்திருக்கிறது. அதாவது மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று ஐயமற நிறுவப்பட்டவற்றின் பட்டியல். புகையிலையும் அங்கேதான் இருக்கிறது.

பின்கட்டு, உங்கள் கதை கேட்டதும் எனக்குப் பெல்ஜியம்தான் நினைவுக்கு வந்தது. 1990களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸில் உடல் மெலிய மாத்திரை சாப்பிட்ட பெண்களுக்கு அடுத்தடுத்துச் சிறுநீரகம் செயலிழந்தது. முதல் அறிக்கை 1993ல் வந்தது. பிறகு நூற்றுக்கும் மேற்பட்டவர்கள். அந்த மாத்திரையில் சேர்க்க வேண்டியது சீன மருத்துவத்தின் ஃபாங்ஜி என்ற வேர், ஸ்டெஃபானியா டெட்ராண்ட்ரா. நம்ம சீந்தில் குடும்பம், அதில் இந்த அமிலம் கிடையாது. ஆனால் குவாங் ஃபாங்ஜி என்று இன்னொரு வேர் உண்டு. அது அரிஸ்டோலோகியா. பேரில் பாதி ஒன்று, காய்ந்த வேரும் பார்க்க ஒன்று. மாற்றிப் போட்டுவிட்டார்கள். 2000ல் வெளியான ஆய்வில், செயலிழந்த சிறுநீரகத்தை அகற்றிக்கொள்ள ஒப்புக்கொண்ட 39 பேரில் 18 பேருக்குச் சிறுநீர்ப்பாதையில் புற்றுநோய் இருந்தது.

யாரும் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. ஒரு பெயர் இரண்டு செடிக்கு இருந்தது, அவ்வளவுதான்.

#8 பூர்வீகம்77
இது எல்லாம் மருந்துக் கம்பெனி கிளப்புற பீதி. ஆயிரம் வருஷமாச் சாப்பிட்டவனுக்கு ஒண்ணும் ஆகல, வெள்ளைக்காரன் சாப்பிட்டா மட்டும் கிட்னி போயிடுச்சா? மாத்திரையா அடைச்சா எதுவும் விஷம்தான். இலையா, வேரா, பச்சையாச் சாப்பிட்டா அதுல இயற்கையே முறிவு வெச்சிருக்கும்.

#9 சும்மாவந்தேன்
"இயற்கையே முறிவு வெச்சிருக்கும்" – அரளி விதையும் இயற்கைதானே ஐயா.

#10 ஆடாதோடை
நான் சித்த மருத்துவம் படித்துத் தொழில் செய்பவள். பூர்வீகம் அண்ணனுக்கு நான் பதில் சொன்னால் கம்பெனிக்காரி என்று சொல்ல மாட்டார் என நம்புகிறேன்.

அண்ணா, மூலிகை நூல்களில் இந்தக் கொடி இருப்பது உண்மை. வேர்தான் முக்கியமான பகுதி. கைப்புச் சுவை, வெப்ப வீரியம், வேருக்குக் கற்பூரம் கலந்த மணம். விஷக்கடிக்கும் முறைக் காய்ச்சலுக்கும் கொடுத்திருக்கிறார்கள். கர்ப்பிணிக்குக் கொடுக்கவே கூடாது என்பதும் பழைய எச்சரிக்கைதான், கருவைக் கலைக்கும் என்பதால். "பெரியவர்கள் கொடுத்தார்கள்" என்று சொல்லும்போது இந்த "கொடுக்காதே"யையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆயிரம் வருஷமாக யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்கிறீர்கள். எப்படித் தெரியும்? ஒரு மருந்து வாந்தி எடுக்க வைத்தால், மயக்கம் தந்தால், அன்றைக்கே வைத்தியருக்குத் தெரியும். அனுபவ அறிவு அங்கே கூர்மையானது. நம் முன்னோர் நாபி என்ற நச்சுக் கிழங்கையும் சேராங்கொட்டையையும் எவ்வளவு பயந்து, நஞ்சு குறையச் சுத்தி செய்து கையாண்டார்கள் பாருங்கள். ஆனால் இந்த அமிலம் இன்று சாப்பிட்டால் பத்து, இருபது வருஷம் கழித்துப் புற்றாக வரும். காய்ச்சலுக்கு வேர் குடித்தவர் காய்ச்சல் தீர்ந்து வீட்டுக்குப் போனார். இருபது வருஷம் கழித்துக் கால் வீங்காமல், வலி இல்லாமல், சோகை பிடித்துச் செத்துப்போனார். யார் இரண்டையும் முடிச்சுப் போட்டிருக்க முடியும்? இது முன்னோரின் அறியாமை என்று நான் சொல்லவில்லை. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினினை ரத்தத்தில் பார்க்கும் வசதி அவர்கள் கையில் இல்லை.

காய்ச்சினால் போய்விடுமா, சுத்தி செய்தால் போய்விடுமா என்று என்னிடம் நிறைய பேர் கேட்கிறார்கள். கஷாயத்தில் இந்த அமிலம் அழிவதில்லை. சில முறைகளில் அளவு குறையலாம், முழுதாகப் போகாது. நான் என் மருத்துவத்தில் உள்ளுக்கு இதைத் தருவதில்லை. புண்ணில், உடைந்த தோலில் பூசவும் சொல்வதில்லை. விஷக்கடிக்கும் காய்ச்சலுக்கும் இதைவிட நல்ல வழி இருக்கும்போது ஏன் இந்த விஷப்பரீட்சை?

ஒரு சந்தேகம் எல்லாருக்கும் வரும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஆகாசகருடன் வேறு, கருடக்கொடி வேறு. ஆகாசகருடன் பூசணிக் குடும்பத்துக் கொடி, கிழங்கு வைக்கும், அந்தக் கிழங்கைத்தான் வாசலில் கட்டித் தொங்கவிடுவார்கள். ஆடுதீண்டாப்பாளை மட்டும் ஈஸ்வரமூலியின் சொந்த அக்கா. அரிஸ்டோலோகியா பிராக்டியோலேட்டா, கரிசல் மண்ணில் தரையோடு படரும், இலை அகலமாகச் சிறுநீரக வடிவில் இருக்கும். (இலை சிறுநீரக வடிவில். சிரிக்கவா அழவா தெரியவில்லை.) ஆடுகூடத் தொடாது என்று பெயரிலேயே சொல்லி வைத்திருக்கிறார்கள்.

#11 நெஃப்ரான்
ஆடாதோடை மேடம் சொன்ன "முடிச்சுப் போட முடியாது" என்பதற்கு ஒரு சாட்சி. டான்யூப் நதிப் படுகையில், குரோஷியா, செர்பியா, போஸ்னியா, பல்கேரியா, ருமேனியா கிராமங்களில் ஒரு மர்மமான சிறுநீரக நோய் இருந்தது. 1950களில் மருத்துவர்கள் அதைப் பதிவு செய்தார்கள். ஒரு கிராமத்தில் இருக்கும், பக்கத்துக் கிராமத்தில் இருக்காது. தண்ணீரா, ஈயமா, பூஞ்சையா, பரம்பரையா என்று எல்லாவற்றையும் சந்தேகித்தார்கள். கோதுமை வயலில் களையாக முளைத்த ஒரு அரிஸ்டோலோகியாவின் விதை தானியத்தோடு அரைபட்டு ரொட்டியில் போகிறது என்று 1969லேயே ஒருவர் எழுதினார். பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 2007ல்தான் நோயாளிகளின் திசுவில் அந்த அமிலம் டி.என்.ஏ.வில் விட்டுப்போன தடயத்தைக் கண்டுபிடித்து நிரூபித்தார்கள். அரை நூற்றாண்டு. அதுவும் தினம் சாப்பிட்ட ரொட்டி. எப்போதோ குடித்த கஷாயத்தை யார் நினைவு வைத்திருப்பார்கள்?

"வெள்ளைக்காரனுக்கு மட்டும்தானா" என்று கேட்டீர்கள். தைவானில் 2003ல் இதைத் தடை செய்தார்கள். அதற்கு முன் அங்கே சுமார் மூன்றில் ஒருவர் இந்த அமிலம் கலந்த மூலிகை மருந்தைச் சாப்பிட்டிருக்கிறார்கள். சிறுநீர்ப்பாதைப் புற்றுநோய் அங்கே மிக அதிகம்.

#12 பின்கட்டு
படிக்கப் படிக்கக் கை நடுங்குது. அம்மாகிட்ட இன்னும் முழுசாச் சொல்லல. "ஏன்டா இன்னைக்குக் கொண்டுவரல, உடம்பு லேசா இருந்துச்சே"ன்னு கேக்குறாங்க. நானே என் கையால அரைச்சுக் கொடுத்தேன். டாக்டர், 19 நாள், தினம் அஞ்சு இலை. இப்ப என்ன செய்யணும்?

#13 நெஃப்ரான்
முதலில் மூச்சு விடுங்கள். பெல்ஜியத்தில் பாதிக்கப்பட்டவர்கள் மாதக்கணக்கில் சாப்பிட்டவர்கள். உள்ளே போன மொத்த அளவு முக்கியம். அந்த ஆய்விலேயே, 200 கிராமுக்கு மேல் அந்த மூலிகை போனவர்களிடம்தான் புற்றுநோய் அதிகமாக இருந்தது. அதற்காகக் குறைந்த அளவு பாதுகாப்பானது என்று யாரும் எழுதிக்கொடுக்க முடியாது, இந்த வகை விஷத்துக்கு அப்படி ஒரு கோடு இல்லை.

அம்மாவை ஒரு சிறுநீரக மருத்துவரிடம் நேரில் காட்டுங்கள். கிரியேட்டினின், ஹீமோகுளோபின், சிறுநீர்ப் பரிசோதனை மூன்றும் பார்ப்பார்கள். சிறுநீரில் புரதம் கொஞ்சமாகத்தான் போகும், காலில் வீக்கமும் இருக்காது, அதனால் "ஒன்றும் தெரியவில்லையே" என்று விட்டுவிடாதீர்கள். சர்க்கரையாலேயே சிறுநீரகம் கெடும் வயது வேறு. பழைய ரிப்போர்ட் இருந்தால் எடுத்துப்போங்கள், ஒப்பிட அதுதான் உதவும். மூன்று மாதம் கழித்து மறுபடி. சிறுநீரில் எப்போது ரத்தம் தெரிந்தாலும், அது பத்து வருஷம் கழித்தாக இருந்தாலும், இந்தக் கொடியின் பெயரைச் சொல்லுங்கள். ஒரு இலையைக் காகிதத்தில் ஒட்டி அம்மாவின் மருத்துவக் கோப்பில் வைத்துவிடுங்கள். எங்களிடம் வருகிறவர்கள் "ஏதோ பச்சிலை சாப்பிட்டேன்" என்பதோடு நிறுத்திவிடுவார்கள்.

அம்மாவுக்கு உடம்பு லேசாக இருந்தது என்றால், மகன் தினம் காலையில் பக்கத்தில் உட்கார்ந்து மோர் கொடுத்ததும் காரணமாக இருக்கலாம். மோரை மட்டும் தொடருங்கள்.

#14 சும்மாவந்தேன்
சரி, பாம்பு விஷயத்துக்கு வருவோம். எங்க தாத்தா வீட்டுக் கிணத்தடியிலயும் இந்தக் கொடி இருந்துச்சு, பாம்பு வராதுன்னுதான் வெச்சாங்க. அந்தக் கொடிக்கு அடியிலதான் வருஷா வருஷம் பாம்புச்சட்டை கிடக்கும். கொடியில மாட்டி உரிச்சுக்க வசதியா இருந்திருக்கும் போல.

கீரி பாம்போட சண்டை போடுறதுக்கு முன்னாடி இதுல புரண்டுட்டு வரும்னும் சொல்வாங்களே, அது?

#15 வேலிப்பருத்தி
கீரிக் கதைக்கு வேற செடியைச் சொல்வாங்க, கீரிப்பூண்டு. ஆனா கீரிக்கு எந்தச் செடியும் தேவையில்ல. நாகப்பாம்பு விஷம் தசையைச் செயலிழக்க வைக்கப் போய் ஒட்டுற ஏற்பி இருக்கே, கீரி உடம்புல அதோட வடிவமே மாறியிருக்கு. விஷம் அங்க பூட்டுல சேராத சாவி. அதோட அது செம வேகம்.

பாம்புக்கடிக்கு இந்தக் கொடியைக் கொடுத்தது நம்மகிட்ட மட்டும் இல்லைங்கிறதுதான் எனக்கு எப்பவும் ஆச்சரியம். வட அமெரிக்காவுல அரிஸ்டோலோகியா செர்பென்டேரியான்னு ஒரு இனம், அதோட ஆங்கிலப் பேரே "வர்ஜீனியா பாம்புவேர்". ஐரோப்பாவுல பிரசவத்துக்குக் கொடுத்தாங்க. அரிஸ்டோலோகியாங்கிற கிரேக்கப் பேருக்கே "நல்ல பிரசவம்"னு அர்த்தம். பூவோட வளைஞ்ச குழாயும் உருண்டையும் ஒருத்தருக்குக் கருப்பையாத் தெரிஞ்சுது, இன்னொருத்தருக்குப் படமெடுத்த பாம்பாத் தெரிஞ்சுது. உருவம் எதைப் போல இருக்கோ அதுக்கு அதுவே மருந்துங்கிற பழைய நம்பிக்கை.

முழுக்கக் கட்டுக்கதைன்னு தள்ளவும் முடியாது, நேர்மையாச் சொல்லணும்ல. கண்ணாடிவிரியன் விஷத்துல இருக்கிற ஃபாஸ்போலிப்பேஸ் ஏ2ங்கிற நொதியை இந்த அமிலம் தடுக்குதுன்னு 1980கள்லயே ஆய்வகத்துல காட்டியிருக்காங்க.

#16 பூர்வீகம்77
ஆ! இப்ப நீங்களே சொல்லிட்டீங்க. அப்ப வேலை செய்யுதுல்ல?

#17 நெஃப்ரான்
சோதனைக்குழாயில் ஒரு நொதியைத் தடுக்கிறது ஐயா. பாம்பு விஷம் ஒற்றை நொதி இல்லை, டஜன் கணக்கில் நஞ்சுகள் சேர்ந்த கலவை. கண்ணாடிவிரியன் கடித்தால் அந்த விஷமே சிறுநீரகத்தைத் தாக்கும். அதற்கு மேல் சிறுநீரகத்தைக் கெடுக்கும் வேரையும் அரைத்துக் கொடுத்தால்?

வேர் கொடுத்துப் பிழைத்தவர்கள் நிறைய பேர் இருப்பார்கள், பொய்யில்லை. கடிக்கிற பாம்புகளில் பெரும்பாலானவை விஷமற்றவை. விஷப்பாம்பும் சிலசமயம் விஷம் இறக்காமல் வெறுமனே கடித்துவிட்டுப் போகும். அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்திருந்தாலும் பிழைத்திருப்பார்கள். மீதிப் பேரின் கதையைச் சொல்ல ஆள் இல்லை. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடிச் சாவு சுமார் 12 லட்சம் என்று ஒரு பெரிய ஆய்வு கணக்கிட்டது, வருஷத்துக்கு ஏறத்தாழ 58,000. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் சேர்த்து ஒரே முறிமருந்து இருக்கிறது. அதற்கு விஷம் எடுத்துக்கொடுப்பது சென்னைக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் இருக்கிற இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், 1978 முதல். பரம்பரை அறிவு உயிரைக் காப்பாற்றுகிற இடம் அது. அதைக் கொண்டாடுவோம், வாருங்கள்.

கடித்தால் கட்டுப்போடாமல், கீறாமல், ஆடாமல் அசையாமல் நேராக மருத்துவமனை. வேர் தேடிப் போகிற அரைமணி நேரம்தான் கொல்கிறது.

#18 பூர்வீகம்77
இருளர் விஷயம் எனக்குத் தெரியும், நான் நேர்லயே போய்ப் பார்த்திருக்கேன். அது சரிதான். கடிக்கு ஆஸ்பத்திரி, ஒத்துக்கிறேன். ஆனா பெருமருந்துங்கிற பேரை விஷம்னு சொல்றது மனசு கேக்கல.

#19 இறக்கை
தாமதமா வர்றேன். பின்கட்டு அண்ணா, ஒரே ஒரு வேண்டுகோள். பயத்துல அந்தக் கொடியை வெட்டிடாதீங்க!

நான் பட்டாம்பூச்சி பார்க்கிறவன். காமன் ரோஸ், கிரிம்சன் ரோஸ், அப்புறம் மேற்குத் தொடர்ச்சி மலையோட ராஜா சதர்ன் பேர்ட்விங், மூணுக்கும் புழுப்பருவத்துல அரிஸ்டோலோகியா குடும்பத்தை விட்டா வேற சாப்பாடே கிடையாது. பேர்ட்விங் றெக்கை விரிச்சா 14லேருந்து 19 சென்டிமீட்டர் வரைக்கும் போகும். காமன் ரோஸோட அறிவியல் பேர்லயே கொடி இருக்கு, பாக்லியாப்டா அரிஸ்டோலோகியே.

டாக்டர் சொன்ன அதே அமிலத்தைப் புழு தின்னு தின்னு உடம்புல சேர்த்துவெச்சுக்கும். பூச்சி ஆன பிறகும் அது இருக்கும். சிவப்பு உடம்போட மெதுவா, யாருக்கும் பயப்படாமப் பறக்கும். ஒருதடவை கொத்தின பறவை மறுபடி கிட்ட வராது. இதுல ஒரு பெரிய திருட்டு வேற நடக்குது. கறிவேப்பிலை, எலுமிச்சையில வளர்ற காமன் மார்மன்னு ஒரு பட்டாம்பூச்சி. அதுக்கு விஷம் கிடையாது. ஆனா அதோட பெட்டைங்கள்ல ஒரு வகை அச்சு அசல் காமன் ரோஸ் மாதிரி வேஷம் போடும், இன்னொரு வகை கிரிம்சன் ரோஸ் மாதிரி. றெக்கை அப்படியே இருக்கும், உடம்பு மட்டும் கறுப்பு. அதை வெச்சுத்தான் கண்டுபிடிக்கணும்.

இலைக்கு அடியிலயும் இளந்தண்டுலயும் செம்மஞ்சள் உருண்டையா முட்டை இருக்கான்னு பாருங்க. புழு கருஞ்சிவப்பா, உடம்பெல்லாம் மெத்து மெத்துன்னு முள் மாதிரி, நடுவுல ஒரு வெள்ளைப் பட்டையோட இருக்கும்.

இன்னொண்ணு. நர்சரியில இதே குடும்பத்துப் பெரிய பூ கொடி, அரிஸ்டோலோகியா எலிகன்ஸ், அழகுக்கு விப்பாங்க. தென்னமெரிக்கச் செடி. ஆஸ்திரேலியாவுல ரிச்மண்ட் பேர்ட்விங் அதை ஏமாந்து நம்பி முட்டை வைக்குது, புழு தின்னுட்டுச் செத்துப்போகுது. பட்டாம்பூச்சிக்கே இந்தக் குடும்பத்துல ஆள் மாறிப்போகுது, நமக்கு மாறாதா.

#20 நெறியாளர்
இழையின் தலைப்பில் "ஈஸ்வரமூலி – உள்ளுக்குச் சாப்பிட வேண்டாம்" என்று சேர்த்திருக்கிறேன். சிறுகுறிஞ்சான் பற்றிய பழைய இழையிலும் இலை எதிரடுக்கு, மாற்றடுக்கு வித்தியாசத்தைப் படத்தோடு முதல் பதிவாக ஒட்டியாயிற்று. மென்று பார்க்கும் சோதனை அங்கிருந்து நீக்கப்பட்டது. சும்மாவந்தேன், #2க்கு ஒரு எச்சரிக்கை.

#21 சும்மாவந்தேன்
ஏத்துக்கிறேன் ஐயா.

#22 பின்கட்டு
எல்லாருக்கும் நன்றி. நாலு நாளா வர முடியல.

டெஸ்ட் எடுத்தாச்சு. கிரியேட்டினின் 0.9, ஆறு மாசத்துக்கு முன்னாடி எடுத்ததும் 0.9. சிறுநீர்ல ரத்தம் இல்ல. மூணு மாசம் கழிச்சு வரச் சொல்லியிருக்காங்க. இலையை ஒட்டின காகிதத்தைக் காட்டினப்ப அங்க இருந்த டாக்டர் அதைப் போட்டோ எடுத்துக்கிட்டார்.

அந்தப் பெரியவரைப் போய்ப் பார்த்தேன். திட்டத்தான் போனேன். இலையைக் கண்ணுக்குக் கிட்ட வெச்சு, தள்ளி வெச்சு, திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஜோடி இலை இல்லையேப்பா"ன்னு அவரே சொன்னார். கண்ணுல புரை விழுந்திருக்கு, ஆபரேஷனுக்குப் பயந்து தள்ளிப்போட்டுட்டு இருக்காராம். வேற யாருக்கெல்லாம் இப்படிக் கொடுத்தீங்கன்னு கேட்டேன். மூணு வீடு சொன்னார். ரெண்டு வீட்டுக்குப் போய்ச் சொல்லிட்டேன், ஒருத்தர் நம்பல, அவருக்கு இந்த இழையை அனுப்பியிருக்கேன். மூணாவது வீடு பூட்டியிருந்துச்சு, நாளைக்கு மறுபடி போகணும்.

இறக்கை தம்பி, கொடியை வெட்டல. அம்மா கையெட்டாதபடி சுத்தி ஒரு வலை மட்டும் கட்டலாம்னு போனேன். கீழே பாதிக்கொடி மொட்டையா நிக்குது. எண்ணிப் பார்த்தேன், பதினோரு புழு, நீங்க சொன்ன அதே வெள்ளைப் பட்டை. வலையைக் கட்டாமத் திரும்பி வந்துட்டேன். அம்மா இப்ப காலையில மோர் டம்ளரை எடுத்துக்கிட்டு அங்கதான் போய் நிக்கிறாங்க, எத்தனை இலை மிச்சம் இருக்குன்னு பார்க்க.